கேளுங்கள்: பெட்டிக்குள் ஒரு வி.ஆர். கணினி

கேமராக்காரர்கள் தூக்கிக்கொண்டு அலையும் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் மெய்நிகர் உலகத்துக்கான (வி.ஆர்.) முழுக் கணினியை, வெளியிடங்களில் கொண்டுபோய்க் காட்டுவதற்காகப் பொருத்துவது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

கே: பெலிகன் 1510 பெட்டி கையில் இருக்கிறது. மினி ஐ.டி.எக்ஸ். போர்டும் (சிறிய ரக மதர்போர்டு) பெரிய கிராஃபிக்ஸ் கார்டும் இதற்குள் அடங்குமா? எதை எங்கே வைப்பது?

ப: அடங்கும், ஆனால் கார்டின் நீளம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். அந்தப் பெட்டியின் உள்ளளவு சுமார் 50 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலம், 19 செ.மீ. ஆழம். ஆழத்தில் ஒரு பங்கு மூடிக்குச் சொந்தம் என்பதால் அடிப்பகுதியின் ஆழத்தைத் தனியாக அளந்துகொள்ளுங்கள். சுவர்கள் கீழே போகப்போகக் குறுகும், மூலைகள் வளைந்திருக்கும். ஆகவே டேப்பை விளிம்பில் வைக்காமல் அடியில் வைத்து அளப்பதே சரி.

மினி ஐ.டி.எக்ஸ். போர்டு 17 செ.மீ. சதுரம். படுக்க வைத்த கார்டின் அகலம் 11 முதல் 14 செ.மீ. வரை வரும், பவர் கேபிள் வளைவதற்கு அதன்மேல் இரண்டு மூன்று செ.மீ. தேவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 28 செ.மீ. அகலத்தைத் தாண்டிவிடும். பலரும் முதலில் தாளில் வரைவது இந்த அமைப்பைத்தான். அதை விட்டுவிட்டு, நீளவாக்கில் ஒரு கோடியில் போர்டு, மறு கோடி நோக்கிக் கார்டு என்று வையுங்கள். போர்டுக்கு 17 போக மிச்சம் 33. கார்டு 25 செ.மீ. என்றால் டிஸ்ப்ளே பிளக் மாட்டவும் வயர் வளையவும் 8 செ.மீ. மிஞ்சும்; அது தாராளம். 27 செ.மீ. கார்டு என்றால் 6 செ.மீ., நெருக்கம்தான். 30 செ.மீ. கார்டை இந்தப் பெட்டியில் திணிக்க வேண்டாம்.

கார்டுக்குப் பக்கத்தில் மிஞ்சும் அகலத்தில் எஸ்.எஃப்.எக்ஸ். என்னும் சிறிய ரகப் பவர் சப்ளை உட்காரும். அதன் அளவு 125 × 100 × 63.5 மி.மீ. நீளமான எஸ்.எஃப்.எக்ஸ்.-எல் ரகம் 130 மி.மீ. ஆழம், வாங்கும்போது கடைசி எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். போர்டின் பின்பக்கப் போர்ட்டுகள் பெட்டியின் நீண்ட பக்கத்தைப் பார்க்கட்டும். அங்கே இருக்கும் 10 செ.மீ. இடைவெளியில் யு.எஸ்.பி. பிளக்குகளும் வைஃபை ஆன்டெனா வயரும் நிம்மதியாகத் திரும்பும்.

சிபியு கூலருக்கு 37 மி.மீ. உயரமுள்ள நாக்டுவா என்.எச்-எல்9 போன்ற தாழ்ந்த ரகமே போதும். உயரமான டவர் கூலர் பெட்டி குலுங்கும்போதெல்லாம் போர்டை நெம்பும்.

ஹெட்செட்டையும் இதே பெட்டியில் வைக்கும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். இடம் எப்படியோ கிடைத்தாலும் சூடு பிடித்த இடத்தில் லென்சை வைப்பது புத்தியில்லை. ஹெட்செட், கன்ட்ரோலர், பேஸ் ஸ்டேஷன் (இவை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க அறை மூலையில் வைக்கும் அகச்சிவப்புக் கருவி) எல்லாம் இரண்டாவது பெட்டிக்கு.

கே: தண்ணீர் புகாத பெட்டி என்பதால்தான் வாங்கினேன். மூடியபடியே ஓட்ட முடியாதா? பக்கவாட்டில் ஓட்டை போட்டால்தான் ஆகுமா?

ப: மூடியபடி ஓட்ட முடியாது. கணக்கைப் பாருங்கள். 65 வாட் என்று விற்கும் ஏ.எம்.டி. சிபியு முழு வேலையில் 88 வாட் வரை இழுக்கும். கார்டுக்கு 200, மற்றதற்கெல்லாம் 40 என்று வைத்தால் 330 வாட் சூடு. பெட்டிச் சுவர் முழுவதையும் சேர்த்தாலும் வெளிக்காற்றைவிட உள்ளே ஒவ்வொரு டிகிரி அதிகமாக இருப்பதற்கும் தோராயமாக மூன்று நான்கு வாட்தான் வெளியேறும். அதாவது சுவரை நம்பினால் உள்ளே 80 முதல் 110 டிகிரி ஏற வேண்டும். அதற்கு முன்பே கார்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பிறகு அணையும். உள்ளே ஃபோமும் இருந்தால் அது ஃபிளாஸ்க்தான்.

ஓட்டை போடலாம், ஆனால் போட்ட நொடியிலிருந்து அது தண்ணீர் புகாத பெட்டி அல்ல. எங்கள் சிபாரிசு வேறு: பெட்டியைத் தொடாதீர்கள். அடிப்பகுதியின் வாயில் 3 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றைப் பேனலாகப் பொருத்தி, காற்று வழி, போர்ட்டு, சுவிட்ச் எல்லாவற்றையும் அந்தத் தகட்டில் வெட்டுங்கள். வேலை செய்யும்போது மூடி திறந்திருக்கும். பயணத்தில் மூடினால் ரப்பர் வளையமும் அழுத்தச் சமநிலை வால்வும் தம் வேலையைச் செய்யும். பல பெட்டிகளுக்கு இந்தப் பேனலைத் தாங்கும் சட்டம் தனியாகவே கிடைக்கிறது.

எவ்வளவு காற்று வேண்டும்? வாட்டை 3-ஆல் பெருக்கி, எத்தனை டிகிரி உயர்வு உங்களுக்குச் சம்மதமோ அதனால் வகுத்தால் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். 330 வாட்டுக்கு 10 டிகிரி உயர்வு என்றால் 99 கன மீட்டர். நல்ல 120 மி.மீ. ஃபேன் ஒன்றின் அட்டையிலேயே இந்த எண் இருக்கும்தான். ஆனால் அது திறந்த வெளியில் அளந்தது. கிரில், தூசு வடிகட்டி, உள்ளே குறுக்கே கிடக்கும் வயர்கள் என்று எல்லாம் சேர்ந்தால் பாதி கிடைத்தாலே பெரிது. ஆக இரண்டு ஃபேன் வேண்டும். போர்டுக்கு நேர் மேலே, பேனலின் கோடியில், அகலவாக்கில் 24 செ.மீ. இடத்தில் இரண்டும் உட்கார்ந்துவிடும். இரண்டும் காற்றை வெளியே தள்ளட்டும்.

உள்ளே வரும் காற்று? கார்டைப் படுக்க வைத்து அதன் ஃபேன்கள் மேல்நோக்கிப் பேனலைப் பார்க்கும்படி அமையுங்கள். ஃபேன்களுக்கு நேரே பேனலில் கிரில். கார்டுக்கும் பேனலுக்கும் நடுவே 5 முதல் 10 மி.மீ. சந்து இருக்கும்; அந்தச் சந்தைச் சுற்றி ஃபோம் பட்டை ஒட்டி அடையுங்கள். இதைச் செய்யாவிட்டால் கார்டு தான் கக்கிய சூட்டையே சந்து வழியாக மறுபடி இழுக்கும். ஃபேன் இரைச்சல் ஏறும், வெப்பம் மட்டும் இறங்காது. பவர் சப்ளைக்கும் இதே ஏற்பாடுதான். அதன் ஃபேனுக்குத் தனிக் கிரில்.

இந்த அமைப்பில் சிபியுவுக்குக் கிடைப்பது ஏற்கெனவே கார்டைத் தாண்டிவந்த வெதுவெதுப்பான காற்று. அதனால் 65 வாட் ரகத்தோடு நின்றுகொள்ளுங்கள். உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் ஒரே தகட்டில் இருப்பதால் நடுவில் ஐந்தாறு செ.மீ. உயரத்துக்கு ஒரு தகட்டுத் தடுப்பைச் செருகி வைக்கும்படி செய்யுங்கள். பயணத்தில் கழற்றிக்கொள்ளலாம்.

இத்தனைக்குப் பிறகும் சூடு தொல்லை என்றால் கார்டின் பவர் அளவை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். சூடு ஐந்தில் ஒரு பங்கு குறையும்; வேகத்தில் இழப்பது அந்த விகிதத்தில் இருக்காது, அதைவிட நன்றாகக் குறைவு.

கே: வாட்டர் கூலர் போட்டால் சூட்டுப் பிரச்சினை தீராதா?

ப: தீராது. சூட்டை அது ரேடியேட்டருக்கு நகர்த்துகிறது, அவ்வளவே. ரேடியேட்டருக்கும் காற்று வேண்டும். தவிர, பெட்டி ஒரு நாள் நிற்கும், ஒரு நாள் படுக்கும், ஒரு நாள் தலைகீழாகக் கிடக்கும். குழாயில் இருக்கும் காற்றுக்குமிழி பம்புக்குள் வந்து நின்றால் தண்ணீர் சுற்றாது. கசிந்தால் கதை முடிந்தது.

கே: ரைசர் கேபிள் (கார்டைப் போர்டிலிருந்து தள்ளி வைக்க உதவும் நீட்டிப்பு) போட்டதும் திரை கறுப்பாகவே இருக்கிறது. கார்டை நேராகப் போர்டில் செருகினால் ஓடுகிறது. கேபிள் பழுதா?

ப: பழுது என்று தூக்கிப்போடுவதற்கு முன் அதன் தலைமுறையைப் பாருங்கள். கார்டும் போர்டும் பேசும் பி.சி.ஐ.இ. இணைப்பின் தலைமுறையைத்தான் ‘ஜென்’ என்பார்கள். ஜென் 3 கேபிளாக இருந்து, போர்டும் கார்டும் ஜென் 4 என்றால், இருவரும் ஜென் 4 வேகத்திலேயே பேசத் தொடங்குவார்கள். நடுவில் இருக்கும் கேபிளின் தகுதி அவர்களுக்குத் தெரியாது. சிக்னல் சிதைந்து திரை வராது. அல்லது வந்து, விளையாட்டின் நடுவே அணையும்.

கார்டை நேராகப் போர்டில் செருகி பயாசுக்குள் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) போய், பி.சி.ஐ.இ. ஸ்லாட்டின் வேகத்தை ‘ஆட்டோ’விலிருந்து ‘ஜென் 3’க்கு மாற்றிச் சேமியுங்கள். பிறகு ரைசரில் மாட்டுங்கள். 16 லேன் (தரவு ஓடும் தடம்) கார்டுகளுக்கு இதனால் வி.ஆர்.-இல் கண்ணுக்குத் தெரியும் இழப்பு இல்லை. 8 லேன் மட்டுமே உள்ள சிறிய கார்டு என்றால் இழப்பு கூடும். அதற்கு ஜென் 4 கேபிளே வாங்கிவிடலாம்.

படம் வருகிறது, ஆனால் சந்தேகம் தீரவில்லை என்றால் விண்டோசின் ஈவென்ட் வியூவரைத் திறந்து ‘டபிள்யூ.ஹெச்.இ.ஏ.-லாகர்’ எச்சரிக்கைகள், குறிப்பாக எண் 17, குவிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். குவிந்திருந்தால் இணைப்பில் பிழைகள் வந்து திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கின்றன என்று பொருள். கேபிளைக் கூரான மடிப்பாக மடித்திருந்தால் அதையும் நிமிர்த்துங்கள். வளைவு விரல் பருமனுக்காவது உருண்டையாக இருக்க வேண்டும். கேபிள் 20, 25 செ.மீ.க்கு மேல் வேண்டாம்.

கே: பேனலில் டிஸ்ப்ளே போர்ட், யு.எஸ்.பி. சாக்கெட் வைத்து அழகாக முடித்தேன். ஹெட்செட்டில் மட்டும் படம் விட்டு விட்டு வருகிறது.

ப: அழகுக்குக் கொடுத்த விலை. ஒவ்வொரு இணைப்பும் சிக்னலைக் கொஞ்சம் தின்னும். வி.ஆர். ஹெட்செட்டின் சொந்தக் கேபிளே பல மீட்டர் நீளம். அது ஏற்கெனவே எல்லையில் நிற்கிறது. அதற்கு முன்னால் நீங்கள் ஒரு மீட்டர் நீட்டிப்பும் சாக்கெட்டும் சேர்த்தால் தாங்காது. மானிட்டரில் அதே சாக்கெட் ஒழுங்காக வேலை செய்வதை வைத்து ஏமாறாதீர்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கும் 90 ஹெர்ட்ஸ் ஹெட்செட்டுக்கும் சுமை வேறு.

நீட்டிப்பு 30 செ.மீ.க்குள் இருக்கட்டும். அதைவிட நல்லது, பேனலில் ஒரு ரப்பர் வளையமிட்ட துளை வைத்து ஹெட்செட் கேபிளையே உள்ளே விட்டுக் கார்டில் நேராக மாட்டுவது. யு.எஸ்.பி.க்கும் இதே விதி: போர்டின் பின்பக்கப் போர்ட்டிலிருந்து நேராக எடுங்கள், போர்டின் மேலுள்ள முன்பக்க ஹெடரிலிருந்து (ஊசி இணைப்பு) வேண்டாம். மெட்டாவின் குவெஸ்ட் ஹெட்செட்டை 5 மீட்டர் யு.எஸ்.பி. 3 கேபிளில் ஓட்டுகிறவர்கள் ஆப்டிக்கல் கேபிள் வாங்குங்கள். சாதாரணச் செம்புக் கம்பி மூன்று மீட்டருக்கு மேல் அந்த வேகத்தைத் தாங்காது.

கேபிளை யாராவது மிதித்து இழுத்தால் முதலில் உடைவது கார்டின் சாக்கெட்டாக இருக்கக் கூடாது. பேனலில் ஒரு கிளாம்ப் போட்டுக் கேபிளை இறுக்கிவிடுங்கள்.

கே: பேட்டரியில் ஓட்டினால் மின்சாரம் இல்லாத இடத்திலும் காட்டலாமே?

ப: விமானத்தில் தடையில்லாமல் எடுத்துச் செல்லும் பேட்டரியின் உச்சவரம்பு 100 வாட்-மணி. 330 வாட் கணினி, பவர் சப்ளையின் இழப்பையும் சேர்த்தால் 365 வாட் இழுக்கும். பேட்டரி கால் மணி நேரத்துக்கு வரும், இன்வெர்ட்டர் இழப்பைக் கழித்தால் அதுவும் வராது. ஒரு மணி நேரம் வேண்டுமென்றால் 450 வாட்-மணி அளவுக்குப் பெரிய பவர் ஸ்டேஷன் தேவை. அதைத் தனியாகச் சாலை வழியே கொண்டுபோக வேண்டும்; 160 வாட்-மணிக்கு மேற்பட்டதைப் பயணி விமானத்தில் கொண்டுபோக முடியாது. வாங்கும்போது தூய சைன் அலை தருவதாகப் பார்த்து வாங்குங்கள். படிக்கட்டு அலை தரும் மலிவான இன்வெர்ட்டரில் ஆக்டிவ் பி.எஃப்.சி. (மின்திறன் காரணியைத் திருத்தும் சுற்று) உள்ள பவர் சப்ளைகள் சட்டென்று அணைந்துபோவதுண்டு.

கே: விமானத்தில் கைப்பையாக எடுத்துப் போகலாமா?

ப: அளவு பல நிறுவனங்களுக்கு ஒத்துவரும், எடைதான் ஒத்துவராது. வெறும் பெட்டியே 5 கிலோவைத் தாண்டும். அலுமினியச் சட்டம், பேனல், பவர் சப்ளை, கார்டு, போர்டு எல்லாம் சேர்ந்தால் 11, 12 கிலோ. கைப்பைக்கு 7 கிலோ மட்டுமே தரும் நிறுவனங்கள் ஏராளம். எடை முக்கியம் என்றால் பெலிகனின் ஏர் வரிசைப் பெட்டிகளைப் பாருங்கள், கணிசமாக லேசானவை. சோதனையில் திறக்கச் சொல்வார்கள். இருபது ஸ்குரூ போட்ட பேனல் அங்கே உங்களைச் சோதிக்கும். கால் திருப்பில் கழலும் ஃபாஸ்டனர் நான்கு போதும்.

கே: ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஏதாவது ஒன்று கழன்றிருக்கிறது. ஒரு முறை ராம், ஒரு முறை கார்டு.

ப: பாகங்களைப் பெட்டியில் நேராக ஸ்குரூ செய்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. எல்லாவற்றையும் முதலில் ஒரே சட்டத்தில் கட்டுங்கள். 20 மி.மீ. அலுமினிய எக்ஸ்ட்ரூஷன் (பள்ளமிட்ட வார்ப்புக் கம்பி) போதும். போர்டு, கார்டு, பவர் சப்ளை, பேனல் நான்கும் அந்தச் சட்டத்தின் உறுப்புகள். சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவே ஆறு ரப்பர் அதிர்வுத் தாங்கிகள். சட்டத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 10 மி.மீ. காலியிடம் விடுங்கள், இடிபட்டால் சட்டம் மொத்தமாக அசைந்து மொத்தமாகத் திரும்பும், ஒரு பாகம் இன்னொன்றை இழுக்காது. சாக்கெட்டுகள் பெட்டிச் சுவரில் இல்லாமல் பேனலிலேயே இருக்க வேண்டும் என்று சொல்வதற்கும் இதுவே காரணம்.

கார்டை இரு முனையிலும் தாங்குங்கள். பிராக்கெட் பக்கம் ஸ்குரூ; மறு முனையில் ரப்பர் ஒட்டிய எல் வடிவக் கோணம். ஒரு கிலோ எடையுள்ள கார்டு ஒரு முனையில் மட்டும் தொங்கினால் ஒவ்வொரு குழியிலும் ரைசர் சாக்கெட்டைத்தான் பிய்க்கும். உலோகத்தோடு உலோகம் சேரும் ஸ்குரூக்களுக்கு நீல நிற திரெட்லாக்கர் (ஸ்குரூ கழலாமல் பிடிக்கும் திரவம்) ஒரு சொட்டு. பாலிகார்பனேட், அக்ரிலிக் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள், விரிசல் விடும். ஹார்ட் டிஸ்க் வேண்டாம், போர்டில் நேராகச் செருகும் எம்.2 எஸ்.எஸ்.டி. மட்டும்.

பெட்டியில் பசை போட்டு எதையும் ஒட்ட முயல வேண்டாம். பாலிப்ரோப்பிலீனில் சாதாரணப் பசை பிடிக்காது. இன்று ஒட்டியது நாளை உள்ளே கிடக்கும்.

மின் இணைப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஃபியூசும் சுவிட்சும் உள்ள சி14 இன்லெட்டை (கணினிப் பவர் கேபிள் செருகும் வாய்) பேனலில் வையுங்கள். அதன் எர்த் முனையிலிருந்து சட்டத்துக்கும் பேனலுக்கும் தனி வயர் போக வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டி, நட்சத்திர வாஷர் வைத்து இறுக்குங்கள். மல்டிமீட்டரில் பிளக்கின் எர்த்துக்கும் பேனலுக்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்டினால்தான் கரன்ட் கொடுக்கலாம். வருகிறவர் போகிறவர் எல்லோரும் தொடப்போகும் உலோகம் அது.

கே: புது இடத்தில் பேஸ் ஸ்டேஷன் வைத்தால் கன்ட்ரோலர் மிதந்து போகிறது. வீட்டில் அப்படி இல்லை.

ப: கணினியைக் குறை சொல்லாதீர்கள், அறையைப் பாருங்கள். கண்ணாடிக் கதவு, பெரிய டிவி, பளபளக்கும் தரை எல்லாம் அந்த அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அடிக்கும். சென்சார் பொய்யான ஸ்டேஷனைப் பார்த்து இடம் தவறும். துணி போட்டு மூடுங்கள். அடுத்தது ஸ்டாண்ட். கூட்டம் நடக்கும் மரத்தரையில் லேசான டிரைபாட் ஆடிக்கொண்டேயிருக்கும்; காலில் மணல் பை தொங்கவிடுங்கள். ஸ்டேஷனின் அடியில் இருப்பது சாதாரண கேமரா டிரைபாட் மரைதான்.

உயரம் 2 மீட்டருக்கு மேல், கீழ்நோக்கி 30 முதல் 45 டிகிரி சாய்வு, எதிரெதிர் மூலைகள். 1.0 ரகமானால் இரண்டுக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் போகாதீர்கள். ஒயர் இல்லாமல் வைக்கும்போது ஒன்று ‘பி’, மற்றொன்று ‘சி’யில் இருக்க வேண்டும், ஒன்றையொன்று பார்க்கவும் வேண்டும். நடுவில் ஒருவர் போய் நின்றாலே ஒத்திசைவு அறும். 2.0 ரகத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, வெவ்வேறு சேனலில் வைத்தால் போதும். ஆனால் 2016-இன் முதல் எச்.டி.சி. வைவ் ஹெட்செட் 2.0 ஸ்டேஷனோடு வேலை செய்யாது.

கே: குவெஸ்ட் 3-ஐ வயர் இல்லாமல் காட்ட ஆசை. அரங்கின் வைஃபை போதுமா?

ப: அரங்கின் வைஃபையைத் தொடவே தொடாதீர்கள். சின்ன ரவுட்டர் ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கணினியோடு ஈத்தர்நெட் கேபிளில் இணைத்துவிடுங்கள். ஹெட்செட் மட்டுமே அதில் சேர வேண்டும். அலுமினியப் பேனலுக்கு அடியில் ஆன்டெனா இருந்தால் சிக்னல் செத்துவிடும், வெளியே கொண்டுவாருங்கள். கூட்டமான இடத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் முழுக்க மற்றவர்கள் இருப்பார்கள்; குவெஸ்ட் 3 வைஃபை 6இ தெரிந்தது என்பதால் 6 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் வாங்கினால் அங்கே நெரிசல் குறைவு. இத்தனை செய்தாலும் ஒரு யு.எஸ்.பி. கேபிளைப் பெட்டியில் போட்டுவையுங்கள்.

கே: இவ்வளவு பாடுபடுவதற்கு கேமிங் லேப்டாப் வாங்கிவிடக் கூடாதா?

ப: மாதத்துக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் காட்டுகிறவர் என்றால் தாராளமாக வாங்குங்கள், இந்தப் பக்கத்தையும் தாண்டிப் போங்கள். நாள் முழுக்க ஓட வேண்டும், கெட்டால் பாகத்தை மாற்றி அன்றே ஓட்ட வேண்டும், இரண்டு வருடம் கழித்துக் கார்டை மட்டும் மாற்ற வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் பெட்டி. லேப்டாப்பில் ‘4070’ என்று எழுதியிருப்பது மேஜைக் கணினியின் 4070 அல்ல. சிப்பும் வேறு, பவர் வரம்பும் குறைவு. இன்னொரு பொறி: சில லேப்டாப்களில் வெளி போர்ட், சிபியுவுக்குள் இருக்கும் சின்ன கிராஃபிக்ஸோடு இணைந்திருக்கும். கேபிள் வழி ஹெட்செட் அதில் உயிர்பெறாது.

கே: கிளம்புவதற்கு முன் மென்பொருளில் என்னென்ன சரிபார்ப்பது?

ப: முந்தின நாளே இணையத்தைத் துண்டித்துவிட்டு எல்லாவற்றையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஸ்டீமின் ஆஃப்லைன் மோடை இணையம் இருக்கும்போதே ஒரு முறை உள்ளே போய்ச் சோதித்து வைக்க வேண்டும். அங்கே போய்த் திறந்தால் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவையுங்கள், ஸ்லீப்பை அணையுங்கள், பவர் ஆப்ஷன்சில் யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பென்டை (சும்மா கிடக்கும் யு.எஸ்.பி. கருவியை உறங்கவைக்கும் வசதி) அணையுங்கள். கடைசியாகச் சொன்னதை விட்டால், ஹெட்செட் சும்மா கிடந்து அடுத்தவர் எடுத்து மாட்டும்போது காணாமல்போகும். ஓடிக்கொண்டிருக்கும் கிராஃபிக்ஸ் டிரைவரை நிகழ்ச்சிக்கு முந்தின நாள் புதுப்பிக்காதீர்கள்.

90 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்கு 11.1 மில்லி விநாடிதான் அவகாசம். ஸ்டீம் வி.ஆர்.-இன் ஃபிரேம் டைமிங் வரைபடத்தை, பெட்டி குளிர்ந்திருக்கும்போது பார்க்காமல் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பாருங்கள். அப்போதும் 9-க்குள் இருந்தால் சரி. 11-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் ரெசல்யூஷனைக் குறையுங்கள்.

கே: குளிரூட்டிய காரிலிருந்து இறக்கியதும் ஓட்டலாமா?

ப: கூடாது. குளிர்ந்த உலோகத்தில் ஈரக்காற்று பட்டால் வியர்க்கும். பெட்டியை மூடியபடியே வெளி வெப்பத்துக்கு வர விடுங்கள். அதன் பிறகு திறந்து, பேனலைத் தொட்டுப் பார்த்துக் குளிர்ச்சியோ ஈரமோ இல்லையென்றால் ஓட்டுங்கள். இவ்வளவு கெட்டிப் பெட்டிக்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். உள்ளே சிலிக்கா ஜெல் பை இரண்டு போட்டுவையுங்கள், ஓட்டும் முன் ஃபேனருகே கிடக்காமல் எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் ஹெட்செட்டை வெயில் படும் மேஜையில் வைத்துவிடாதீர்கள். லென்ஸ் வழியே குவியும் சூரிய ஒளி உள்திரையைப் பொசுக்கிவிடும், அதற்குச் சில நிமிடம் போதும்.